வேலூரில் ஐந்து நாள்: ஒரு வீணை, ஒரு குடம், நிற்காத ஒரு 'ம்ம்ம்'

மே 11, காட்பாடி

வீணையை ரயிலில் கொண்டுபோவதற்குப் பதில் கைக்குழந்தையைக் கொண்டுபோகலாம். குழந்தைக்காவது யாராவது இடம் விடுவார்கள். பெட்டியோடு சேர்த்து நாலரை அடி நீளம், மேலே வைத்தால் விழும், கீழே வைத்தால் கால் படும், கால் பட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். அக்கா என்றால் பெரியம்மா மகள், வீணை டீச்சர். நான் டப்பிங் ஸ்டுடியோவில் சத்தம் வெட்டி ஒட்டுகிறவன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வருஷமாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறோம். வீணையில் அவள் வாசிப்பதை நான் லேப்டாப்புக்குள் வாங்கி, அங்கேயே அப்போதே கலைத்து, நீட்டி, பாத்திரம் பண்டம் வழியாக வெளியே விடுவேன். வீட்டில் இதற்கு 'அந்தச் சத்தம்' என்று பெயர். சத்துவாச்சாரியில் இருக்கும் மாமாவுக்கு எழுபது முடிகிறது, மொட்டைமாடியில் வந்து 'அந்தச் சத்தம்' வாசியுங்கள் என்று அவராகவே கூப்பிட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று இன்னும் எங்களுக்குப் புரியவில்லை.

அரக்கோணம் தாண்டியதும் போர் அடித்தது. காண்டாக்ட் மைக் ஒன்றை எடுத்து ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினேன். இந்த மைக் காற்றில் வருகிற சத்தத்தைக் கேட்காது, ஒட்டிய பொருளின் உடம்பு நடுங்குவதைத்தான் கேட்கும். 1948-ல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதையே இசை என்று ஒலிபரப்பினார். அது நினைவுக்கு வந்ததால் கொஞ்சம் பெருமையாகவும் உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி டெஸ்ட் பண்றீங்க?" என்றார். ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். சோளிங்கர் வரைக்கும் கழற்றவே இல்லை. கழற்றிவிட்டு, "ஒரு சக்கரம் வட்டமா இல்ல, தேய்ஞ்சிருக்கு, ஒரே இடத்துல தட்டுது" என்றார். ரயில்வேயில் இருந்தவரா என்று கேட்டேன். இல்லை, மாவு மில் வைத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு ஷேஃபரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

காட்பாடியில் இறங்கியபோது மணி ஒன்றரை. வெயில் என்று சொன்னால் போதாது, வேலூர் வெயில் என்று சொல்ல வேண்டும். காந்தி ரோடு லாட்ஜுக்கு ஆட்டோ 350 கேட்டு 280-க்கு இறங்கி, வீணைப் பெட்டியைப் பார்த்ததும் மறுபடி 330-க்கு ஏறியது. மாமா வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், அதனால்தான் லாட்ஜ். மூன்றாவது மாடி, ஏசி இல்லை, 900 ரூபாய். தெரு முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் குடும்பங்கள். போர்டுகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகளில் கடுகு எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை. நாங்கள் ஒரு மெஸ்ஸில் தோசை சாப்பிட்டோம். சட்னி நன்றாக இருந்தது, தண்ணீர் வெந்நீராக வந்தது, கேட்டால் வெந்நீர் இல்லையாம், டேங்கிலிருந்து அப்படித்தான் வருமாம்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அக்கா ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது கம்பியை அழுத்துகிற இடத்தில் இருக்கும் உலோகக் கட்டைகளும், மெழுகில்தான் உட்கார்ந்திருக்கும், தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கருப்பு மெழுகு. ரயில் பெட்டியிலும் ஆட்டோவிலும் வெந்ததில் அது இளகி, மேல் ஸ்தாயி மெட்டுகள் ஐந்தாறு இடம் நகர்ந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் காதுக்குத் தெரிந்தது. மறுபடி மேளம் கட்டுவது, அதாவது மெட்டுகளை இடம் பார்த்து மெழுகில் பதிப்பது, எங்களால் ஆகிற வேலை இல்லை. "மேல போகாம வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு அக்கா தூங்கப் போனாள்.

மே 12, லாங்கு பஜார்

இன்றைக்குப் பாத்திரம் வாங்க வேண்டும். எங்களிடம் எக்ஸைட்டர் என்று நாலு பொத்தான் இருக்கிறது. ஸ்பீக்கரில் இருக்கும் காகிதக் கூம்பைக் கழற்றிவிட்டு நடுங்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டதுபோல. அதை எதில் ஒட்டுகிறோமோ அதுவே ஸ்பீக்கராகிவிடும். குடத்தில் ஒட்டினால் வீணை குடத்திலிருந்து வரும், குடத்துக்கு எந்தச் சுரம் பிடிக்குமோ அதை மட்டும் பெரிதாகச் சொல்லும், மற்றதை விழுங்கிவிடும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் 1968-லேயே ஒரு நடனத்துக்காக இப்படிப் பொருள்களைப் பாட வைத்திருக்கிறார்.

முதலில் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனோம். "எத்தனை பேருக்குச் சாப்பாடு?" என்று கேட்டார் பாய். சமையலுக்கு இல்லை என்றதும், "அப்ப பூஜைக்கா?" என்றார். அதற்கும் இல்லை. அக்கா ஒவ்வொரு பாத்திரத்தையும் விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது இவர்கள் விரிசல் பார்க்கிறார்கள் என்று. ரோஷம் வந்து அவரே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். "வெண்கலம் நீளும். பித்தளை சீக்கிரம் செத்துடும். எவர்சில்வர் கத்தும், ஆனா பேசாது." இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம், அதனால்தான் கோயில் மணியெல்லாம் வெண்கலம். பித்தளையில் துத்தநாகம். ஒரு வெண்கலத் தாம்பாளம், ஒரு பித்தளை அண்டா, இரண்டு எவர்சில்வர் குடம், மூன்று நாளுக்கு 260 ரூபாய், முன்பணம் 2,000. கடைசிவரை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வெளியே வரும்போது மட்டும், "எதுவா இருந்தாலும் கழுவிக் கொடுத்துடுங்க" என்றார்.

நுங்கு மூன்று சுளை முப்பது ரூபாய். இரண்டு தடவை சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஒரு விபத்து. காண்டாக்ட் மைக்கின் ஒயர் பிய்ந்துகொண்டது. உள்ளே இருப்பது பழைய கடிகாரத்தில் 'பீப்' போடுகிற பீசோ வில்லைதான், பதினைந்து ரூபாய் சமாச்சாரம், ஆனால் பற்றவைக்க ஆள் வேண்டுமே. மாமா ஏற்பாடு செய்திருந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கடைக்குப் போனோம். கடை முழுக்கக் கூம்பு ஸ்பீக்கர், சீரியல் விளக்குச் சுருள், மூலையில் எக்கோ பெட்டி. பீடியை அணைத்துவிட்டுக் கண்ணாடி போட்டு இரண்டு நிமிஷத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். மிக்சரில் போட்டுப் பார்த்தால் கீச் என்று பல் கூசுகிற சத்தம். எனக்கு இது எப்போதும் இருக்கிற வியாதி, லேப்டாப்பில் வடிகட்டிச் சமாளிப்பேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "பீசோவ நேரா மிக்சர்ல போட்டா அடிச்சத்தம் எல்லாம் செத்துரும் சார், அதுக்கு கிட்டார் பாக்ஸ் வேணும்" என்று எங்கோ கைவிட்டு ஒரு தூசி படிந்த பெட்டியை எடுத்து நடுவில் சொருகினார். கீழ்ச்சுரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் மென்பொருளில் செய்த வித்தையெல்லாம் வீண். தெருக்கூத்து ராத்திரி முழுக்க நடக்கிற பக்கத்து ஆள், முகவீணைக்கும் (பேர்தான் வீணை, ஊதுகிற சின்ன நாயனம்) எக்கோ மைக்குக்கும் நடுவில் இருபது வருஷம் உட்கார்ந்தவர், அவருக்கு நான் என்ன சொல்ல. மேடையில் வாசிப்பதை அங்கேயே மின்சாரத்தால் மாற்றுவதுதான் லைவ் எலெக்ட்ரானிக்ஸ் என்றால், அவர் என்னைவிட சீனியர்.

ராத்திரி அறையில் குடத்தைத் தலையணைமேல் வைத்து மெதுவாக வைத்துப் பார்த்தோம். (வீணையின் அடிப்பகுதிக்கும் குடம் என்றுதான் பெயர், இன்று முழுக்க 'எந்தக் குடம்' என்று கேட்டே தொண்டை காய்ந்தது.) கதவு தட்டப்பட்டது. அவ்வளவுதான், நோயாளிகள் இருக்கிற இடத்தில் சத்தம் போடுகிறோம் என்று எழுந்தால், பக்கத்து அறை வங்காள அம்மா. சண்டைக்கு வரவில்லை, உள்ளே வந்து கேட்கலாமா என்று கேட்டார். என் இந்தியும் அவர் இந்தியும் ஒரே தரம். கணவருக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். பத்து நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மே 13, சத்துவாச்சாரி

காலையில் கதவுக்கு வெளியே ஒரு பொட்டலம். பொரி, வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு எண்ணெய். நல்ல காரம்.

மாமா வீட்டில் மதியச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அத்தை இலவம்பாடி முள் கத்திரிக்காயில் காரக்குழம்பு வைத்திருந்தார். காம்பில் முள் இருக்கும், நறுக்கும்போது கையைக் குத்தும், ஆனால் எண்ணெயில் வெந்தால் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுக்கும். இந்தக் காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அத்தை தன் பிள்ளை பாஸ் பண்ணியதைப் போலச் சொன்னார். மூன்று தடவை சோறு வாங்கினேன். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் ஒயர் இழுப்பது தண்டனை.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் போட்டதும் வந்தது அந்த 'ம்ம்ம்ம்'. குடம், அண்டா, தாம்பாளம் எல்லாம் ஒன்றாக உறுமின. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் குறைந்தது, ஆனால் என் பேட்டரி நாற்பது நிமிஷம்கூடத் தாங்காது. ஒயரை மாற்றினேன், வேறு பிளக்கில் போட்டேன், அண்ணன் மிக்சரையே மாற்றினார். போகவில்லை. "எர்த் இல்ல சார்" என்றார் அண்ணன்.

இதைக் கேட்டு மாமா மேலே வந்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். இதுவரை 'அந்தச் சத்தம்' பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், "இது நம்ம சத்தம்டா" என்றார், முகமே மாறிவிட்டது. கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் எர்த் குழியைக் காட்டினார். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய், சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மண் காய்ந்தால் மின்சாரம் பூமிக்குள் இறங்காது. வேலூரைக் கிண்டல் செய்ய 'தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்' என்று ஒரு பழைய பேச்சு உண்டு, அந்தப் பாலாறு ஆயிரம் வாட் ஆம்பிளிஃபயர் வரை வந்து உறுமும் என்று எனக்குத் தெரியாது. வாடகைக் குடத்திலேயே இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து உப்புப் போட்டு ஊற்றினோம். மேலே போனால் உறுமல் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி மட்டும் எதற்கும் அசையவில்லை.

அக்கா அதுவரைக்கும் ஓரமாக உட்கார்ந்து பிரடையைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் வடிகட்டி போடப் போனேன். "எடுக்காத" என்றாள்.

நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்பி வருகிறது, அதனால் உறுமல் 50, அதன் மடங்குகள் 100, 150. எக்ஸைட்டர் சின்னது, அதில் ஐம்பது வராது. நூறும் நூற்றைம்பதும் நன்றாக வரும். அக்கா வழக்கமாக மூன்று கட்டையில், சுமார் 165 ஹெர்ட்ஸில், சாரணியை, அதாவது வாசிக்கிற முதல் கம்பியை, வைப்பாள். அதை 150-க்கு, இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில், இறக்கினாள். இப்போது அந்த 100 அவளுக்குக் கீழ் மத்திமம். அப்படியானால் மத்திம சுருதி. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி மாதிரி ராகங்களை மத்திமத்தையே சட்ஜமாக வைத்து வாசிக்கிற வழக்கம் நம்மிடம் எப்போதும் உண்டு. புன்னாகவராளி அதிகம் மேலே ஏறாத ராகம், நகர்ந்துபோன மெட்டுகளையும் பெரும்பாலும் தொட வேண்டாம். கரண்ட் சுருதிப்பெட்டி ஆகிவிட்டது.

மாமா நாற்காலியை அக்கா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது 50-லயே நிக்காது, 49.90-லேருந்து 50.05 வரைக்கும் ஆடும். சாயங்காலம் எல்லாரும் லைட்டு போட்டா கொஞ்சம் இறங்கும், பாரு." சரியாக ஆறரைக்கு மேல் சாரணிக்கும் உறுமலுக்கும் நடுவில் ஓர் அலை வர ஆரம்பித்தது, மூன்று விநாடிக்கு ஒன்று, வா... வா... என்று. அக்கா கம்பியைத் துளி இறக்கினாள், அலை நின்றது. 2013 டிசம்பர் 31-ல் தென்னிந்திய மின்கட்டமைப்பை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைத்த பிறகு, இங்கே என்ன ஃபிரீக்வென்சியோ அதேதான் ஸ்ரீநகரிலும் என்று மாமா சொன்னபோது அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவ்வளவு பெரிய சுருதிப்பெட்டியோடு அவள் எப்போதும் வாசித்ததில்லை.

கச்சேரி ஏழே காலுக்கு. வந்தவர்கள் 27, குழந்தைகள் தனி. புன்னாகவராளி என்று கேட்டதும் ஒரு பாட்டி, "விளக்கு வெச்ச நேரத்துல வேண்டாம்மா, பாம்பு வரும்" என்று காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு சித்தப்பா பத்து நிமிஷத்தில், "மிக்சி ஓடுற மாதிரி இருக்கு" என்று எழுந்துபோனார், தப்பில்லை, மிக்சியும் அதே கரண்ட்தானே. வீணை ஒரு குடத்திலிருந்து வந்து, எட்டு விநாடி தாமதித்து அண்டாவிலிருந்து மறுபடி வந்தது. பக்கத்தில் இருந்த ஐந்து வயசுப் பையன் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "உள்ள யாரு?" என்றான். நடுவில் குடமும் வீணை மைக்கும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிட ஆரம்பித்தன. நான் லேப்டாப்பில் தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தோள் துண்டை நனைத்துக் குடத்துக்குப் போர்த்திவிட்டார், ஊளை அடங்கியது. அத்தை என்ன நினைத்தாரோ ஒரு கை ரவையைக் கொண்டுவந்து தாம்பாளத்தில் தூவினார். அக்கா ஒரே சுரத்தில் நின்றபோது ரவை தானாக நகர்ந்து கோடாகக் கூடியது, சுரம் மாறினால் கலைந்து வேறு கோடு. 1787-லேயே கிளாட்னி என்ற ஜெர்மானியர் தகட்டில் மணல் போட்டுக் காட்டிய வேடிக்கைதான், அசையாத இடத்தில் தூள் போய்த் தங்கும். ஆனால் மாடியில் எல்லாரும் எழுந்து வந்து தாம்பாளத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள், அதற்குப் பிறகு வீணையை யாரும் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாப்பிடும்போது சித்தப்பா, "இதெல்லாம் வெளிநாட்டுக் கூத்து" என்றார். அந்த டியூடர் 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்ததையும், நம் ஆட்களே அதில் இசை செய்ததையும் சொல்லிப் பார்த்தேன். "அகமதாபாத்தும் வெளியூர்தானே" என்றுவிட்டு ரசம் கேட்டார்.

மே 14, கோட்டை

ஒன்பது மணி வரை தூக்கம். பாத்திரங்களைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாய் மறுபடி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத்தான் முன்பணத்தைத் திருப்பினார். தாம்பாளத்தின் விளிம்பில் ரெண்டு ரவை ஒட்டியிருந்தது, "உப்புமாவா?" என்றார்.

கோட்டைக்குப் போனோம், அகழியில் தண்ணீர் இருந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலம் வழிபாடே இல்லாமல் கிடந்து 1981-ல்தான் சாமியை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள், அதனால் அந்தக் கிண்டலில் பாதி இப்போது செல்லாது. கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும். நாங்கள் அதைவிட அதிகம் பார்த்தது ஒரு மூலையில் இருந்த மின்சாரப் பெட்டியை. நேற்றிலிருந்து இரண்டு பேருக்கும் இந்த வியாதி, எங்கே 'ம்ம்' கேட்டாலும் அக்கா வாய்க்குள் ஸ, ப என்று பிடித்துப் பார்க்கிறாள்.

மதியம் நான் மட்டும் பிரியாணி, ஆம்பூர் பாணி, சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்திரிக்காய். 180 ரூபாய். அக்கா சைவம், தயிர்சாதத்தோடு என்னை முறைத்தாள். ஆற்காடு மக்கன் பேடா பத்து வாங்கினேன், லாட்ஜுக்கு வருவதற்குள் ஜீராவெல்லாம் பையில். பக்கத்து அறை பூட்டியிருந்தது. ஆபரேஷன் இன்றைக்குத்தான்.

மே 15, குடியாத்தம்

வைகாசி ஒன்று, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அண்ணனுக்கு அங்கே ஒரு சந்தில் மைக் செட் வேலை, "வந்து பாருங்க, அதுதான் சத்தம்" என்று கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் உடலோடு சேர்ப்பார்கள். வழி முழுக்கத் தேங்காய் உடைக்கிறார்கள், ஒன்று இரண்டு இல்லை, குவியல் குவியலாக. காலுக்குக் கீழே ஓடு நொறுங்குகிற சத்தத்தையும் பம்பைச் சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. காண்டாக்ட் மைக் பையிலேயே இருந்தது. கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது, நூறு ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கினேன்.

அண்ணன் செட் டிராக்டர்மேல் ஒரு டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. உடுக்கைக்கு முன்னால் மைக், எக்கோ முழுக்கத் திருகி வைத்திருந்தார், ஓர் அடி ஐந்து அடியாக விழுந்தது. உடுக்கைக்காரர் அந்த ஐந்தும் முடியும் இடத்தில் அடுத்த அடியை வைத்தார், ஒன்றுகூடத் தவறவில்லை. இதைத்தான் நானும் அக்காவும் எட்டு மாதம் பழகினோம். யாரோ தெருமுனையில் இன்னொரு சீரியல் செட்டைப் போட்டார்கள். ஜெனரேட்டர் திணறி, அதன் உறுமல் கொஞ்சம் கீழே இறங்கியது. அக்கா கூட்டத்துக்கு நடுவில் என் தோளைத் தட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினாள். உடுக்கைக்காரரும் அதே நேரத்தில் நடுக் கயிற்றைத் தளர்த்தினார். கேட்டுத்தான் தளர்த்தினாரா, கை வலித்ததா, தெரியவில்லை. கேட்கலாம் என்று போவதற்குள் ஊர்வலம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ராத்திரி காட்பாடி. ரயில் ஐம்பது நிமிஷம் லேட். வீணையை இந்தத் தடவை ஈர வேட்டியில் சுற்றிவைத்தோம். லாட்ஜைக் காலி செய்தபோது அந்த அம்மா படியில் எதிரே வந்தார், நன்றாக முடிந்தது என்று கையால் சொன்னார், மீதி இருந்த பேடாக்களை அவர் மகனிடம் கொடுத்தேன். பிளாட்பாரத்தில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா அதில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் ஏறியிருக்கு" என்றாள். "எல்லாரும் லைட்ட அணைச்சிட்டாங்க போல."